பொங்கலைத் தின்றது யார்?

காலையில் லிட்டில் இந்தியா கோயிலில் வாங்கிவந்த சர்க்கரைப் பொங்கல் டப்பா, நான் குளித்துவிட்டு வருவதற்குள் காலி.

"பப்ளுவுக்கு வச்சிட்டேன்" என்றார் கணவர்.

பப்ளு எங்கள் நாய். பொங்கலில் உலர்திராட்சை. நாய்க்கு அது விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கிளினிக்குக்குப் போன் செய்தேன். வீட்டில் எதையும் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல் உடனே கொண்டுவரச் சொன்னார்கள். டாக்சியில் இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வாந்தி எடுக்கவைக்க டாக்டர் ஊசியை எடுத்ததும் இவர் என் காதருகே குனிந்தார்.

"ஊசி வேணாம்னு சொல்லு. அது ஒரு வாய்கூடச் சாப்பிடல. எல்லாம் நான்தான் லா."

இவருக்குச் சுகர். எனக்குப் பயந்து நாய்மேல் பழி.

பப்ளுவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

இனிப் பொங்கல் டப்பா அலமாரியின் மேல்தட்டில்தான். பப்ளுவுக்கு எட்டாது. இவருக்கும் எட்டாத இடம் இருந்தால் சொல்லுங்கள்.