சாலையில்லாத வழியில் ஒரு நீலப் புள்ளி

சென்ற வருடம் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று இருபதுக்குத்தான் அது ஆரம்பித்தது. குவைத்தில் அப்பாசியாவில் எங்கள் ஃபிளாட். எனக்கு விடுமுறை. மனைவி நர்ஸ், அவளுக்கு டூட்டி. நான் சோபாவில் படுத்தபடி, வழக்கம்போல் போனில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மகளை என்றால், அவள் இருக்கும் இடத்தை மேப்பில் காட்டும் நீலப் புள்ளியை. பெங்களூரில் வேலை பார்க்கிறவள், சேர்த்து வைத்த லீவையெல்லாம் எடுத்துக்கொண்டு, முதுகில் ஒரு பையை மாட்டி, தோழியுடன் தென் அமெரிக்கா சுற்றக் கிளம்பிவிட்டாள். அன்று பொலிவியாவில், லா பாஸ் என்ற மலை நகரத்தில் இருந்தாள். அங்கே அப்போது காலை நேரம். லொகேஷனை அணைக்கக் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை. மேடு பள்ளமே இல்லாத குவைத்தில் வளர்ந்த பெண். அந்த ஊரோ விமானத்தை விட்டு இறங்கியதுமே பலருக்குத் தலை சுற்றும் உயரம்.

புள்ளி நகர்ந்தது. டாக்ஸி என்று நினைத்தேன். மேப்பைப் பெரிதாக்கினால், அது சாலையிலேயே இல்லை. வீடுகளுக்கு மேலே, கூரைக்குக் கூரை, ஒரே நேர்கோட்டில் மலைச்சரிவில் ஏறிக்கொண்டிருந்தது. உச்சிக்குப் போனதும் அதே கோட்டில் இறங்கியது. மறுபடி ஏறியது.

போன் செய்தேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. போனைப் பறித்தவன் மொட்டைமாடிகளில் தாவி ஓடுகிறான் என்று முதலில் தோன்றியது. திருடன் எதற்காக வந்த வழியே திரும்புகிறான்? அப்படியானால் மூச்சுத் திணறி விழுந்தவளை யாரோ தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். நினைக்க நினைக்க எனக்கே மூச்சு முட்டியது. தோழியின் நம்பர் மனைவியிடம்தான் இருந்தது. வார்டில் நிற்கிறவளைக் கூப்பிட்டுப் பதற வைக்க மனம் வரவில்லை.

எத்தனையாவது முறையோ, எடுத்தது ஒரு பெண் குரல். ஸ்பானிஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ், அரபி, இந்தி எல்லாவற்றையும் கொட்டினேன். பயத்தில் எந்த வாக்கியமும் முழுதாக வரவில்லை. கடைசியில் தமிழில், "என் பொண்ணும்மா, என் பொண்ணு எங்கம்மா?" என்று கேட்டபோது குரல் உடைந்துவிட்டது. பிறகு அந்தப் பெண், "பப்பா?" என்றாள். "ஆமாம், பப்பா" என்றேன். அதன்பின் குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல், மெதுவாக, நெடுநேரம் ஏதோ சொன்னாள். ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் கெட்ட செய்தி சொல்கிறவளின் குரல் அல்ல என்பது மட்டும் புரிந்தது.

அவள் வைத்ததும் சும்மா இருக்க முடியவில்லை. ஸ்பானிஷ் தெரிந்தவர் யாராவது கிடைப்பார்களா என்று ஆபீஸ் நண்பர்கள் ஒவ்வொருவரையாகக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டே இருந்தேன். மேசையில் சாப்பாடு ஆறிக் கிடந்தது.

இது நடந்து ஒரு வருடம் ஆகிறது. மகள் நல்லபடியாக ஊர் சுற்றித் திரும்பிவிட்டாள். இருந்தும் மேப்பில் ஒரு நீலப் புள்ளியைக் கண்டால் அது சாலையில்தான் இருக்கிறதா என்று இன்னமும் பெரிதாக்கிப் பார்க்கிறேன். கூடவே அந்தக் குரலும் காதில் வருகிறது. முகம் தெரியாத ஒரு தாய் உலகத்தின் மறுகோடியில் இருந்து என்னைத் தேற்றியிருக்கிறாள். அதனால் மகள் எங்கே போனாலும், அங்கேயும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று என்னால் இப்போது நம்ப முடிகிறது.

அன்று ஐந்தரைக்குக் கதவு திறந்தது. என் மனைவி. யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"உங்க போன் ஏங்க பிஸியாவே இருக்கு? பாப்பா உங்களுக்குப் போட்டுப் போட்டுப் பார்த்துட்டு எனக்குப் போட்டா. நம்ம பழனியில ரோப் கார் போகுதுல்ல, அந்த ஊர்ல டவுன் பஸ்ஸே அதுதானாம். அதுல போனை விட்டுட்டு இறங்கிட்டா. போன் தொலைஞ்ச உடனேயே அவ ஃப்ரெண்டு போன்ல இருந்து மெசேஜ் போட்டா. அப்பாகிட்ட சொல்லாத, பயந்துடுவாருன்னு. நானும் சொல்லல."

சாப்பாட்டுத் தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"ஸ்டேஷன்ல போனை எடுத்து வெச்சிருந்த அம்மா அதைக் கையில குடுக்கும்போது பாப்பாவைத் திட்டுனாங்களாம். எங்கயோ ஒரு அப்பா அழுதுட்டு இருக்காரு, முதல்ல அவருக்குப் பேசு, அப்புறம் ஊரைச் சுத்துன்னு."