சமாதானத்துக்குச் சொன்னது

விசிலக்காவுக்கு அழுகிற பிள்ளைகள் மேல் கோபம் கிடையாது. பெற்றவர்களைக் கண்டால்தான் பற்றிக்கொண்டு வரும். வருடம் முழுக்கப் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவள். கோடை விடுமுறையில் மட்டும், பிள்ளைகள் வந்து தங்கும் இந்த முகாமில் பெண்பிள்ளைகளின் படுக்கைக் கூடத்துக்குக் காவல். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். தினுசு தினுசான பெற்றோரைப் பார்த்தவள் அவள். பெட்டி நிறைய வாசனைச் சோப்பு அடுக்கி அனுப்புவார்கள். பிள்ளைக்குத் தானாக முகம் கழுவக்கூடக் கற்றுத்தந்திருக்க மாட்டார்கள். மகராசர்கள்!

இந்த முறை வந்து வாய்த்தது எட்டு வயதுப் பெண். வந்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசல் கேட்டருகே போய் உட்கார்ந்துவிட்டது. நீச்சலுக்கும் வரவில்லை, விளையாட்டுக்கும் வரவில்லை. சாப்பாட்டுத் தட்டைக் கொண்டுபோய் வைத்தால் ஈ மொய்த்ததுதான் மிச்சம்.

முகாம் மேனேஜர் பெரிய மேதாவி. "ஒரு பலூன் குடுங்கக்கா. சிரிச்சதும் டக்குனு போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிடலாம்" என்றார்.

பிள்ளை பட்டினி கிடக்கிறது, இவருக்குப் போட்டோ கேட்கிறது! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு விசிலக்கா கேட்டுக்குப் போனாள்.

"யாருக்காகடி உக்காந்திருக்கே?"

"அப்பாவுக்கு. பிடிக்கலேன்னா அழு, உடனே வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னார். நேத்துலேருந்து அழறேன், இன்னும் வரல."

 அழுகையை நிறுத்தினால் அப்பா வராமல் போய்விடுவாரோ என்ற பயத்திலேயே அழுதுகொண்டிருக்கிறது பாவம். விசிலக்கா நேரே ஆபீஸ் அறைக்குப் போய் அந்த அப்பனுக்குப் போன் போட்டாள்.

"அது சும்மா, சமாதானத்துக்குச் சொன்னதுங்க. இல்லேன்னா கார்லயே ஏறியிருக்க மாட்டா. நாங்க இப்ப டூர்ல இருக்கோம். வண்டி ரிப்பேர்னு சொல்லிடுங்களேன். குழந்தைதானே, மறந்துடுவா."

"அதை நீங்களே அவகிட்ட சொல்லுங்க. கூட்டிட்டு வரேன்."

"ஐயோ வேணாங்க! அவ அழுதா எனக்குத் தாங்காது" என்று போனை வைத்துவிட்டான்.

தாங்காதாம்! ஆறடி ஆம்பளைக்குத் தாங்காததை எட்டு வயதுப் பிஞ்சு கேட்டடியில் உட்கார்ந்து தாங்க வேண்டுமாம். தூ!

திரும்பி வந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"உங்கப்பா இப்ப வரமாட்டார். முகாம் முடிஞ்சுதான் வருவார். நீ எவ்வளவு அழுதாலும் அவ்வளவுதான்."

"பொய்! நீங்க பொய் சொல்றீங்க!" பிள்ளை தோளிலும் மார்பிலுமாகக் குத்தித் தீர்த்தது. அவள் தடுக்கவில்லை.

"அடி, நல்லா அடி. வீட்டு ஞாபகம் வரத்தான் செய்யும். வந்தா எங்கிட்ட வந்து அழு. யாரையும் வரவைக்கிறதுக்காக அழ வேணாம்."

தேம்பல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முகத்தில் ஒட்டிக் கிடந்த முடியை ஒதுக்கி, அவிழ்த்துப் பின்னத் தொடங்கினாள்.

"நாளைக்கும் நீங்கதான் பின்னிவிடுவீங்களா?"

"ஆமாண்டி கண்ணு" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபமாக வருகிறது! விசிலக்காவுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"இல்லடி. நாளைக்கு எனக்கு லீவு. சமையல்காரம்மா பின்னுவாங்க. அவங்க கை முரடு, இழுக்கும். நாளன்னிக்கு வந்துடுவேன்."

பிள்ளை திரும்பி அவள் முகத்தையே உற்றுப் பார்த்தது.

"ரொம்ப இழுக்குமா?"

"ரொம்பவே."

"சரி" என்றது. பிறகு, "பசிக்குது" என்றது.