கதவு திறக்காத காரில் ஒரு வாசக்கால்

போன வாரம் என் காரை விற்றேன். வாங்க வந்தவர் ஸ்டூல் ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன்மேல் ஏறி நின்று கூரையைப் பார்த்தார். இரண்டு ஓரத்திலும் நான்கைந்து கோடுகள், கயிறு அழுந்திய தடம். "மேல என்னங்க ஏத்துனீங்க?" என்றார். "வாசக்கால்ங்க" என்றேன். நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சிரித்தார். குடும்பம் போகிற காரில் யார் வாசக்கால் ஏற்றுவார்கள் என்பது நியாயமான சந்தேகம்தான். நாங்கள் ஏற்றினோம். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பிறகு, வெறும் தரையில் கிடந்த எண்ணெய்க் கறையைப் பார்த்தபடி வெகுநேரம் வாசக்கால் ஏற்றிய அந்தக் காலைப்பொழுதுக்குள்ளேயே இருந்தேன்.

அத்தை, என் அப்பாவின் ஒரே தங்கை. கல்யாணமான மூன்றாம் வருடம் ஒரு பெட்டியோடு திரும்பி வந்துவிட்டவர். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பக்கத்து ஊர் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை வேலை. பொள்ளாச்சியில் எங்கள் வீட்டில் இருபத்திரண்டு வருடம் இருந்தார். தலை பின்னிவிட்டது, வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்தது எல்லாம் அவர்தான். அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இட்லித் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், ஆனைமலை ரோட்டில் கொஞ்சம் இடம் வாங்கியிருப்பதாகவும் அதில் சின்னதாக ஒரு வீடு கட்டப்போவதாகவும் சொன்னார்.

"அண்ணன் ஊடு இருக்கறப்ப உனக்கெதுக்கு அம்மணி தனி ஊடு?" என்றார் அப்பா. "ஊருல என்னையத்தான கேப்பாங்க, தங்கச்சிய வெச்சுப் பாக்க முடியலியான்னு." அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அப்பாவின் வழக்கம் அது. பிடிக்காத பேச்சு வந்தால் சண்டை போட மாட்டார், எழுந்து போய்விடுவார். இரண்டு மணி நேரம் கழித்து வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி காபி கேட்பார். பேச்சு அங்கேயே செத்துப் போயிருக்கும். ஆனால் இந்த முறை அத்தை மறுபடி கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டார்.

எனக்கு அப்போது சரவணம்பட்டியில் வேலை. சனிக்கிழமை ஊருக்கு வந்தால் என் கார் அத்தையின் சரக்கு வண்டியாகிவிடும். பின்சீட்டில் சிமென்ட் மூட்டை, ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் குழாய், அதன் நுனியில் என் பழைய சிவப்புத் துப்பட்டா. திங்கட்கிழமை அலுவலகத் தோழிகள் ஏறினால் உடையெல்லாம் சாம்பல் பூத்துவிடும். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அஸ்திவாரம் எழும்பி வாசக்கால் வைக்க நாள் குறித்தாயிற்று. எங்கள் பக்கம் அதற்குப் பிறந்த வீட்டிலிருந்து சீர் போக வேண்டும். அப்பா மரக்கடைக்குப் போய், இருப்பதிலேயே நல்ல தேக்கைப் பார்த்து, வாசக்காலையே சீராகச் செய்யச் சொன்னார். நாங்கள் மகிழ்ந்து முடிப்பதற்குள் இன்னொன்றும் சொன்னார். "சீரு செய்யறது அண்ணங் கடமை, செஞ்சுபோடறேன். ஆனா அந்த ஊட்டுக்குள்ள நாங் காலு வைக்க மாட்டேன்."

அன்று பாத்திரம் துலக்கும் இடத்தில் அத்தை என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அண்ணன் உள்ள வரலீன்னா எனக்கு அந்த ஊடு வேண்டாங் கண்ணு. கட்டி முடிச்சு வாடகைக்கு உட்டுபோட்டு இங்கயே இருந்துக்கறேன்." எனக்கு அப்பாமேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

அந்த நாள் வந்தது. அம்மா, பழத்தட்டுகளோடும் சொந்தக்காரர்களோடும் வேனில் முன்னாலேயே போய்விட்டார். சீர் வாங்குகிறவர் தன் இடத்தில் நின்று வாங்குவதுதான் முறை. ஆனால் அத்தைக்கு மரத்தில் கணு இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பார்த்தாக வேண்டும். எங்களோடு மரக்கடைக்கு வந்துவிட்டார். அங்கே டெம்போ இல்லை. டிரைவரின் மாமனார் விடிகாலையில் இறந்துபோனாராம். வளர்பிறை முகூர்த்தம், ஊரில் வேறு வண்டியும் கிடைக்கவில்லை. நல்ல நேரம் முடிய ஒன்றரை மணி நேரம் இருந்தது. எல்லோரும் என் காரைப் பார்த்தார்கள்.

கூரைமேல் பழைய மெத்தையை விரித்தார்கள். "நீங்க உள்ள ஏறி ஆளுக்கொரு கைல புடிச்சுக்குங்க, நாங்க கட்டிபோடறோம்" என்றார் மரக்கடைக்காரர். நான் ஓட்டுநர் இருக்கையில், அப்பா என் பக்கத்தில், அத்தை பின்னால். மஞ்சள் பூசிப் பொட்டு வைத்த வாசக்காலை ஆறு பேர் தூக்கிக் கிடத்தினார்கள். கார் ஒரு பெருமூச்சு விட்டுத் தாழ்ந்தது. தேங்காய்நார்க் கயிற்றை இந்த ஜன்னலில் விட்டு அந்த ஜன்னலில் எடுத்து, எங்கள் தலைக்குமேல் நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்கினார்கள். நன்றாகத்தான் கட்டினார்கள். அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று யாருக்கும் அப்போது தோன்றவில்லை.

நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் போனேன். வாசக்காலின் தலைப்பக்கம் முன்கண்ணாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தால் அந்தச் சட்டத்துக்குள்ளே வானம். தென்னை ஓலைகள் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வழிந்து போயின. மலைக் கணவாய் வழியாக வருகிற காற்று தேக்கு வாசனையையும் மஞ்சள் வாசனையையும் உள்ளே கொண்டுவந்து கொட்டியது. எங்களைக் கடந்துபோன பள்ளிக்கூட வேனிலிருந்து குழந்தைகள் கையாட்டினார்கள். மூவரும் ஆளுக்கொரு கையை வெளியே நீட்டி மரத்தைப் பிடித்திருந்தோம். எந்தப் பக்கம் போகிறோம் என்பதே மறந்து, நாங்கள் அசையாமல் இருக்கத் தோப்புகள்தாம் எங்களைக் கடந்து போகின்றன என்று எனக்குத் தோன்றியது. இன்றும் கண்ணை மூடினால் அந்த ரோடு முடிவதே இல்லை.

பின்னாலிருந்து அத்தை கேட்டார். "ஏனுங்ணா, நெசமாலுமே உள்ள வரமாட்டீங்களா?"

அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கண்ணு, வண்டிய நிறுத்து. நான் எறங்கிக்கறேன். பஸ்ஸுல வாரேன்."

ஒரு புளியமர நிழலில் நிறுத்தினேன். அப்பா கைப்பிடியை இழுத்தார். கதவு வரவில்லை. தோளால் தள்ளினார். கயிறு முறுகியதே தவிர இம்மியும் நகரவில்லை. நான் என் பக்கத்தை முயன்றேன், அத்தை இரண்டு பக்கமும் முயன்றார். நான்கு கதவுகளையும் சேர்த்துத்தான் கட்டியிருந்தார்கள். அப்பா நடுரோட்டில் ஜன்னல் வழியாக ஏறிக் குதிக்கிற ஆளும் இல்லை. கயிற்றை அவிழ்த்தால் வாசக்கால் சரியும். சீர்ப் பொருளை வழியில் இறக்கவும் கூடாது, அது கிளம்பும்போது அப்பாவே சொன்ன விதி. துண்டை உதற இடமில்லாமல், அதை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். என் வாழ்நாளில் முதல்முறையாக அவரால் எழுந்து போக முடியவில்லை.

"ஓட்டு" என்றார். ஓட்டினேன்.

அத்தை பேசினார். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. "உங்க ஊட்டுல எனக்கு ஒரு கொறையும் இல்லீங்ணா. அண்ணி ஒரு சொல்லு சொன்னதில்ல. ஆனா இன்னைக்கு என்ன கொழம்புன்னு ஒரு நாளும் நானா நெனச்சு வெச்சதில்ல. ராத்திரி லைட்டு போடறதுன்னாக்கூட யாராச்சும் முழிச்சுக்குவாங்களோன்னு யோசிப்பேன். உங்கள உட்டுப் போகோணும்னு கட்டலீங்ணா. நீங்க வந்தா உக்கார வெக்க எனக்குன்னு ஒரு எடம் வேணும். அவ்வளவுதானுங்க."

அப்பா வெளியே நீட்டியிருந்த கையால் மரத்தை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். 

போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரத்தில் கால் மணிதான் மிச்சம். சொந்தக்காரர்கள் காரைச் சுற்றிக்கொண்டு சிரித்தார்கள். "சீரு வாங்கற ஆளையும் சீரோட சேத்துக் கட்டிக் கொண்டாந்துட்டாங்க!" என்று ஒரு சித்தப்பா கத்தினார். முடிச்சுகள் இறுகிக் கிடந்தன. கொத்தனார் அரிவாள் தேடி ஓடினார். அத்தை காத்திருக்கவில்லை. ஐம்பது வயது கடந்த ஆசிரியை, பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து, உடம்பை வளைத்து, அம்மாவின் தோளைப் பற்றி வெளியே குதித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, வாசல் வரவேண்டிய இடைவெளிக்கு அந்தப் பக்கம் போய் நின்றார்.

அங்கே வீடு என்று ஒன்றுமில்லை. முழங்கால் உயரச் சுவர், நிரப்பிய மண், வானம். கயிற்றை அறுத்து, மரத்தை இறக்கி, கதவைத் திறந்துவிட்டார்கள். அப்பா இறங்கி, கார் ஓரமாகவே நின்றார்.

"வாங்ணா" என்றார் அத்தை. "வாங்க."

யார் வந்தாலும் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்வது அம்மா. அத்தை பின்னாலிருந்து தண்ணீர் கொண்டுவருவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் யாரையும் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை என்பது அந்த நிமிடம்தான் எனக்கு உறைத்தது. 

அப்பா இரண்டடி நடந்தார். அந்த இடைவெளிக்கு முன்னால் நின்று, வெறும் மண்ணும் ஜல்லியும் கிடந்த இடத்தில், செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். உள்ளே போய்க் குட்டைச் சுவரில் உட்கார்ந்தார்.

"கொஞ்சம் தண்ணி குடு அம்மணி" என்றார்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். டம்ளர்கூட இல்லை. கொத்தனாரின் பிளாஸ்டிக் குடத்தைச் சாய்த்தார். அண்ணன் இரண்டு கையையும் சேர்த்து ஏந்திக் குடித்தார்.