விடியற்காலையில் யார் படுப்பார்கள்?

1948-ஆம் ஆண்டு, ஆவணி மாதம். தமிழ்க் கணக்கில் சர்வதாரி வருடம். எதையும் இப்படி இரண்டு கணக்கிலும் குறித்து வைப்பது என் பழக்கம். அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்த ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மாணவர்கள் அதற்காகவே எனக்குத் 'தேதி சார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். ஆனால் அந்தக் கட்டடத்தில் சுவர்கள் கூரை வரை எழும்பவில்லை என்பதால் எல்லாம் காதில் விழும்.

மதுரையில் ஓர் அச்சகத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்காகச் சிறிய கலைக்களஞ்சியம் ஒன்றைக் கொண்டுவர முனைந்திருந்தார். தலைப்புகளை வெளியூர் ஆசிரியர்களுக்குப் பங்கிட்டு அனுப்பினார். எனக்கு வந்தது 'அகதி வீடுகள்'. கடிதத்தைப் பிரித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அகர வரிசையில் அது அகத்திக் கீரைக்கு அடுத்த தலைப்பு. முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கம் அச்சேறும்போதே அது கையில் இருந்தாக வேண்டும். நானே உட்கார்ந்து எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் நாளைக்கு வகுப்பெடுக்கப் போகிறவர்கள் ஒரு செய்தியைத் தேடிப் பிடித்து எழுதக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று தோன்றியது. மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டேன்.

ஒருவர் திருச்சுழிக்காரர். அவருடைய தகப்பனார் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். கடைக்குப் பொட்டலம் மடிக்க வரும் பழைய செய்தித்தாளை எல்லாம் மகன் படித்துவிட்டுத்தான் மடிக்கக் கொடுப்பார். இரண்டாமவர் எங்கள் ஊரின் நெசவுத் தெரு ஒன்றில் பிறந்தவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். மூன்றாமவர் பரளச்சிப் பக்கத்து மானாவாரி விவசாயக் குடும்பம்.

இந்தப் பரளச்சிக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் பருவத்தில் ஒருநாள் உரக்கப் படிக்கும் பாடத்தில் அவர் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று படிக்க, வகுப்பே சிரித்துவிட்டது. அன்று மாலையே பாயைச் சுருட்டிக்கொண்டு ஊருக்கு நடந்துவிட்டார். நெசவுத் தெரு நண்பர்தான் போய்ப் பேசி அழைத்துவந்தார். இன்னொரு தடவை சிரித்தால் திரும்ப வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் வந்திருந்தார். அவர் வார்த்தை மாறுகிறவர் அல்ல.

வேலையைப் பிரித்தேன். வடநாட்டு நிலவரத்தைச் செய்தித்தாள்களிலிருந்து தொகுப்பது திருச்சுழிக்காரர். 'அகதி' என்ற சொல்லையும் அதன் பொருளையும் அகராதிகளில் தேடுவது நெசவுத் தெருக்காரர். நம் ஊரில் விசாரிப்பது பரளச்சிக்காரர். நெசவுத் தெருவுக்கு அந்தத் தெருக்காரரையே அனுப்பாமல் வெளியாளை ஏன் அனுப்புகிறீர்கள் என்று மூவருமே கேட்டார்கள். சொந்தத் தெருவில் பிறந்தவருக்கு எல்லாமே பழகிப்போயிருக்கும், எதையும் கேட்கத் தோன்றாது என்றேன். அந்த யோசனையில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

முதல் வாரம் பரளச்சிக்காரர் வெறுங்கையோடு வந்தார். அகதிகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவர் கேட்டதற்குத் தெருவில் எல்லோரும், "அவுக டெல்லியில இருக்காக" என்று சொல்லிவிட்டார்களாம். மறுவாரம் அவரே கேள்வியை மாற்றிக்கொண்டார். யுத்தத்தின்போது ரங்கூனிலிருந்து வந்தவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டதும் நாலைந்து கைகள் ஒரே பக்கம் நீண்டன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் கேள்வியைத் திருத்திக்கொண்டு வந்த மாணவரைப் பார்ப்பதுபோல ஆசிரியருக்கு மகிழ்ச்சி வேறில்லை. அன்று அவருக்கு மட்டும் என் செலவில் காப்பி.

மூன்று கட்டுரைகளும் வந்தபின் ஒரு பிற்பகல் நால்வரும் உட்கார்ந்தோம். மறுநாள் பிற்பகல் பஸ்ஸில் கட்டு மதுரைக்குப் போயாக வேண்டும். என் திருத்தம் பெரும்பாலும் கேள்விகளாகத்தான் இருக்கும்: யார் சொன்னார், எங்கே பார்த்தீர்கள், எப்போது. திருச்சுழிக்காரரின் கட்டுரை டெல்லி அகதி முகாம்களைப் பற்றிக் கூடாரம் கூடாரமாக விரிந்திருந்தது. ஓரத்தில் என் சிவப்பு மை, "எந்தத் தேதிப் பத்திரிகை?" என்று பத்திக்குப் பத்தி கேட்டிருந்தது. பொட்டலம் மடித்தபோது தேதி இருந்த மூலை சர்க்கரையோடு போய்விட்டது சார் என்றார் அவர். நெசவுத் தெருக்காரர் 'கதியற்றவர்' என்ற பொருளை அழகாக எழுதியிருந்தார். அதில் எனக்குக் குறையில்லை.

பிறகு பரளச்சிக்காரருடையது. எழுதியதை எழுதியவரே உரக்கப் படிப்பது எங்கள் வழக்கம். அவர் எழுந்து நின்று படித்தார்.

"பாவடியின் கோடியில் இன்னும் ஓர் ஓலை வீடு இருக்கிறது. இதில் வாழ்வோர் விடியற்காலையில் படுக்கும் வழக்கமுடையவர்கள். படுக்க இடம் வேண்டி, வீட்டின் முன் தட்டியையும் பின் தட்டியையும் தினமும் தூக்கிவிடுகின்றனர்."

பாவடி என்பது நெசவுத் தெருக்களை ஒட்டிய நீண்ட திறந்தவெளி. விடிந்ததும், தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூலை அங்கேதான் நீளவாக்கில் விரித்துக் கஞ்சி போடுவார்கள். அந்த வாக்கியத்தின் ஓரத்தில் நான் எழுதியிருந்ததையும் அவர் படிக்க வேண்டியதாயிற்று. "விடியற்காலையில் யார் படுப்பார்கள்? யாரிடம் கேட்டீர்கள்?"

"ஏலே, ரங்கூன்ல அப்பத்தான் ராத்திரி போல" என்றார் திருச்சுழிக்காரர். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் உதடு பிரிந்துவிட்டது. அடக்குவதற்குள் பரளச்சிக்காரர் பார்த்துவிட்டார்.

"சார், நான் காதால கேட்டேன். அந்த வீட்டு அக்கா ரெண்டு மூணு தடவ சொன்னாக. காலையில படுக்க எடம் வேணும்ல, அதுக்குத்தான் தட்டியத் தூக்குறோம்னாக."

தூக்குவதைப் பார்த்தாயா, கேட்டது மட்டும்தானா என்று நெசவுத் தெருக்காரர் விசாரித்தார். கேட்டதுதான், தான் போனது சாயங்காலம் என்றார் அவர். பிறகு தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னார்:

"அத வெட்டிருங்க சார். நான் சனிக்கிழம ஊருக்குப் போறேன்."

மற்ற இருவரும் என்னைப் பார்த்தார்கள். அது எந்த மாதிரிப் போவது என்று மூவருக்கும் தெரியும்.

வெட்டிவிட்டால் பக்கம் சரியாக நிரம்பும், பஸ்ஸும் தப்பாது. ஆனால் எனக்குள் ஏதோ துள்ளியது. காரணம் சரியாக இல்லை, சரி. அந்தத் தட்டிகள்? முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தினமும் தூக்குவது. இதை யாரும் கற்பனையில் சேர்க்க முடியாது. காரணம்தான் கோணலாக வந்திருக்கிறது, செய்தி நேராக இருக்கிறது என்று என் மனம் அடித்துச் சொன்னது. வெட்டமாட்டேன், விடியும்போது நால்வரும் பாவடிக்குப் போகிறோம், வாக்கியம் நிற்குமா நிற்காதா என்று அங்கே முடிவாகட்டும் என்றேன். பரளச்சிக்காரர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

ஆனால் விடியலில் நான் பாவடியை அடைந்தபோது எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

தெருக்காரர்கள் பாவுக் கட்டுகளைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார்கள். கஞ்சி மணம் எங்கும் பரவியிருந்தது. பாவடியின் கோடியில், வெளியின் குறுக்காக, அவர் எழுதிய ஓலை வீடு. உள்ளே நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி பாய்களைச் சுருட்டிக் கூரையின் இறவாணத்தில் செருகினார். அவருடைய மகள் குடத்தையும் சட்டிகளையும் ஓரமாக ஒதுக்கினாள். கணவர் முன் தட்டியின் கட்டை அவிழ்த்து அதை அப்படியே கூரைமேல் ஏற்றினார். வீட்டைச் சுற்றிப்போய்ப் பின் தட்டியையும் ஏற்றினார். இப்போது அது வீடு இல்லை. நாலு கால் ஊன்றிய பந்தல். இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பக்கத்துப் பனைகள் தெரிந்தன.

நான் பரளச்சிக்காரரின் தோளைப் பிடித்து உலுக்கினேன். அவருடைய கண்கள் பாய்களின் மேலேயே இருந்தன. பாயைச் சுருட்டுகிறார்களே, விரிக்கவில்லையே என்பதுதான் அவர் கவலை.

அந்த அம்மாள் அவரை அடையாளம் கண்டுகொண்டார். "அன்னைக்கு வந்த தம்பிதான? ஒதுங்கி நில்லுங்க, படுகு வருது."

நாங்கள் ஒதுங்குவதற்குள் வந்தது. நீண்ட பாவு, ஆட்கள் இருபுறமும் பிடித்திழுக்க, முன்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்து, சற்றுமுன் பாய் விரித்திருந்த தரைக்கு மேலாக ஓடி, பின்வாசல் வழியாக வெளியே போய் நின்றது.

நெசவுத் தெருக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "படுகு, சார்! பாவு. எங்க வீட்டுத் தெலுங்குல பாவுக்குப் படுகுன்னு பேரு. படுகுக்கு எடம் வேணும்னு சொன்னத இவன் படுக்க எடம்னு கேட்ருக்கான்."

திருச்சுழிக்காரர் சிரிக்கவில்லை, சிரிப்பை விழுங்கிக்கொண்டு பனையைப் பார்த்தார். பரளச்சிக்காரரின் முகம் இறுகியது. என்ன விஷயம் என்று அந்த அம்மாள் கேட்டார். நான் மழுப்பப் பார்த்தேன். ஆனால் பரளச்சிக்காரரே சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, மடிப்பைப் பிரித்து, தான் எழுதியதை அந்த அம்மாளிடம் படித்துக் காட்டினார். அந்தத் துணிவை இன்று நினைத்தாலும் எனக்கு வியப்புத்தான்.

அம்மாள் கஞ்சிக் கையோடு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கணவரைக் கூப்பிட்டுத் தெலுங்கில் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தார். பிறகு பரளச்சிக்காரரைப் பார்த்துச் சொன்னார்:

"தப்பா ஒண்ணும் எழுதலையே தம்பி. ராத்திரி நாங்க படுக்கவும் இதான் எடம், காலையில படுகுக்கும் இதான் எடம். படுத்தவுக எந்திரிச்சாத்தான் படுகு வரும்."

பரளச்சிக்காரர் தாளில் தன் வரியை மறுபடி பார்த்தார். பிறகு சிரித்தார், எங்கள் மூவருக்கும் முந்தி. உடனே தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதத் தொடங்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. எப்போது வந்தீர்கள் அம்மா என்று கேட்டேன்.

"சார் தேதிக்கு வந்துட்டாக" என்றார் பரளச்சிக்காரர், தலையை நிமிர்த்தாமலே. என் பட்டப்பெயரை என் முகத்துக்கு நேராகத் தொட்டவர் அவர்தான் முதல்.

ரங்கூனில் குண்டு விழுந்தது மார்கழி. மலையில் நடந்து, ரயிலேறி, இங்கே வந்து சேர்ந்தது வைகாசி என்றார் அந்த அம்மாள். விசு வருடத்து மார்கழி, சித்திரபானு வைகாசி என்று நான் குறித்துக்கொண்டேன். ரங்கூனில் அவர்களுக்குக் கைலிக் கடை இருந்தது. வந்தபோது உறவுக்காரர் வீடுகள் எல்லாமே நிரம்பியிருந்தன. தெருப் பெரியவர்கள் கூடிப் பேசிப் பாவடியின் கோடியைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை: பாவின் நீளம் குறையக் கூடாது. அது குறையாமல் எப்படி வேண்டுமானாலும் வீடு கட்டிக்கொள்ளலாம். அந்த ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுந்த வீடுதான் இது. சுவர் வைத்தால் பாவு நிற்கும், ஆகவே தட்டி. அடுப்பை நடுவில் வைத்தால் நூல் கருகும், ஆகவே பக்கவாட்டில். வெயிலையும் மழையையும் பார்த்துக் கட்டிய வீடுகளைப் பற்றி நான் எவ்வளவோ படித்திருக்கிறேன். நூலின் நீளத்தைப் பார்த்துக் கட்டிய வீட்டை எந்தப் புத்தகத்திலும் கண்டதில்லை.

பள்ளிக்குத் திரும்பும் வழியெல்லாம் நால்வரும் ஒரே நேரத்தில் பேசினோம். திருச்சுழிக்காரர் தம் கூடாரங்களில் பாதியைத் தாமே அடித்தார். "கூடாரத்துல இருக்கவுக காலையில எந்திரிச்சு என்ன செய்வாகன்னு ஒரு பேப்பரும் சொல்லல சார். நானும் கேக்கல" என்றார். பரளச்சிக்காரரின் பத்தி நடுவிடத்துக்கு வந்தது. "இரவில் படுக்கவும் காலையில் படுகுக்கும் அதே இடம்" என்ற வாக்கியத்தில் நான் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. மை காயாத தாளை ஊதிக்கொண்டே ஓடிப்போய், காரியாபட்டி வழியாக மதுரை செல்லும் பஸ்ஸின் கண்டக்டர் கையில் கொடுத்தோம்.

சனிக்கிழமை பரளச்சிக்காரர் சொன்னபடியே ஊருக்குப் போனார். பாயை எடுத்துப் போகவில்லை, அது சுவரோரம் சுருட்டியபடியே இருந்தது. நான் அன்றும் மறுநாளும் அந்தப் பாயை ஏதோ சாக்கில் போய்ப் போய்ப் பார்த்தேன். ஞாயிறு மாலை அவர் ஒரு துணிப்பை நிறையக் கம்பு மாவு உருண்டையோடு வந்து சேர்ந்தார். முதல் உருண்டை திருச்சுழிக்காரருக்கு.

புரட்டாசியில் மதுரையிலிருந்து அச்சுப்படி வந்தது. அகத்திக் கீரைக்கு அடுத்து எங்கள் கட்டுரை. மேசையைச் சுற்றி நின்று நால்வரும் குனிந்து படித்தோம். பரளச்சிக்காரரின் விரல் ஒரு வரியில் நின்றது. அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தவர் 'படுகு' என்பதைப் பிழையென்று எண்ணி, அக்கறையாகத் திருத்தியிருந்தார்: "இரவில் படுக்கவும் காலையில் படுக்கைக்கும் அதே இடம்."

"மதுரையிலயும் ரங்கூன் நேரந்தான் போல" என்றார் திருச்சுழிக்காரர்.

பரளச்சிக்காரர் என் சிவப்பு மைப் பேனாவை எடுத்தார். என்னிடம் கேட்கக்கூட இல்லை. அந்த வரியின் ஓரத்தில் நிதானமாக, குண்டு குண்டான எழுத்தில் எழுதினார்:

"விடியற்காலையில் யார் படுப்பார்கள்? யாரிடம் கேட்டீர்கள்?"