வரிசையிலிருந்து எடுத்து வைத்த சட்டி

நோன்பு மாதத்தில் எங்கள் பள்ளிவாசல் கஞ்சிக்கு ஆள் வரிசையில் நிற்பதில்லை, பாத்திரம்தான் நிற்கும். தூக்குச்சட்டி, ஐஸ்கிரீம் டப்பா, மூடி உடைந்த பிளாஸ்க் எல்லாம் சுவரோரம் வந்துவிடும். நாம் நிழலில் நின்று ஊர்க்கதை பேசலாம். நான் போவதில் பாதி அந்தப் பேச்சுக்காகத்தான். நான் இந்து. இத்தனை வருஷத்தில் ஒருவர்கூட ‘உனக்கு எதற்குக் கஞ்சி’ என்று கேட்டதில்லை.

போன நோன்பில், எங்கள் பிளாட்டில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் ரோஹிங்கியா அகதிப் பெண் தன் சட்டியை என் சட்டிக்குப் பின்னால் வைத்தாள். கஞ்சி ஊற்றும் தம்பி வந்தார். அதைத் தூக்கிச் சாக்கடையோரம் வைத்தார்.

“தம்பி, அது வரிசையில இருந்துச்சு.”

“தெரியும்க்கா. இது நம்ம ஆளுங்களுக்கு. ஒரு சட்டி ஊத்தினா நாளைக்குப் பத்து சட்டி வரும் லா.”

“நான் மத்தியானம் மீன்கறி தின்னுட்டு வந்திருக்கேன். அவ பச்சத்தண்ணி பல்லுல படாம நிக்கிறா. யாருப்பா கஞ்சிக்கு ஆளு?”

“நீங்க நம்ம அக்கா. எங்கண்ணன் பசார்ல மீன் வெட்டிக்கிட்டு இருந்தாரு. அந்த வேலை இப்ப யார்கிட்ட இருக்குன்னு அவகிட்டயே கேளுங்க.”

அண்ணனுக்கு வேலை போனது பொய்யில்லை. ஆனால் பிடுங்கியது யார்? சட்டப்படி வேலை செய்யக் கூடாது என்று அகதி ஒருவனை நிறுத்தி வைத்தால், அவன் பாதிக் கூலிக்கும் வருவான், அடித்தாலும் வாய் திறக்க மாட்டான் என்று தெரிந்துகொண்ட முதலாளி. அந்த முதலாளி முன்னால் எழும்பாத குரல், காலிச் சட்டியின் முன்னால் எழும்புகிறது! இதையெல்லாம் கத்தித்தான் சொன்னேன். கூட்டம் கூடிவிட்டது. யாரோ கைப்பேசியில் படம்கூட எடுத்தார்கள்.

திரும்பினால் அவள் இல்லை. சட்டியும் இல்லை. சண்டை பெரிதானால் போலீஸ் வரும். போலீஸ் வந்தால், அகதி அட்டையை நீட்டினாலும் தடுப்பு முகாமுக்கு லாரியில் ஏற்றிவிடலாம். நான் வாயைத் திறந்தபோதே அவளுக்கு அது தெரிந்திருக்கிறது.

மறுநாள் அவள் கதவைத் தட்டிக் கஞ்சிக்குக் கூப்பிட்டேன். “தாக்குட், காக்,” என்றாள் மலாயில். பயமாக இருக்கிறதாம். வற்புறுத்தவில்லை, சட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

தம்பி இரண்டு சட்டியையும் பார்த்தார். எது யாருடையது என்று அவருக்குத் தெரியும்.

“ரெண்டாக்கா?”

“ரெண்டு.”

தலை நிமிராமல் இரண்டையும் தளும்பத் தளும்ப ஊற்றினார். நோன்பே பிடிக்காத என்னிடம் கொடுத்தார். நோன்பு பிடித்தவள் வீட்டில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.