ஒத்திகைக்கு அடிபட்டவர்

நடக்காத ஒன்றைப் பற்றி, "நடந்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டே சம்பளம் வாங்குகிற தொழில் பேரிடர் ஆயத்த ஆராய்ச்சி. கேள்வித்தாளும் கையுமாக முன்பின் தெரியாத வாசலில் நின்று, "ரெண்டே நிமிஷம்மா" என்று பொய் சொல்லிப் பழகிய என் இனத்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுனாமிக்கு அடுத்த வருஷம், திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவர் குப்பத்துக்கு எங்கள் கல்லூரி என்னை அனுப்பியது. ஆபத்து வந்தால் நடக்க முடியாதவர்களை ஆஸ்பத்திரி வரை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது ஆய்வுப் பொருள். குப்பத்துக்குக் கிழக்கே கடல். மேற்கே ஓர் ஐஸ் கம்பெனி, அதற்குள் அம்மோனியா.

எந்தப் பக்கம்?

"சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்பது என் முதல் கேள்வி. எல்லோரும் மேற்கே கை நீட்டினார்கள். சுனாமி அன்று மேற்கே ஓடித்தான் பிழைத்தார்கள், அவர்கள் கால்களுக்கு அந்தத் திசைதான் தெரியும். ஆனால் வாயு கசிந்தால் மேற்கே ஓடுகிறவர் நேராக ஐஸ் கம்பெனி வாசலில்தான் போய் நிற்பார். கடலுக்கு ஒரு திசை, வாயுவுக்கு ஒரு திசை என்று பயந்து ஓடுகிறவருக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

அந்தக் குழப்பத்தோடு கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். கஸ்தூரி காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர். உள்ளே கட்டிலில் அவர் கணவர் ஏழுமலை. துறைமுகத்தில் மூட்டை சரிந்து மேலே விழுந்ததிலிருந்து அவருக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நான் கேட்டு முடிக்கும் வரை பொறுமையாக இருந்துவிட்டு கஸ்தூரி சொன்னார்: "எந்தப் பக்கம்ன்றது ஓடறவங்களுக்கு சார். இந்த மனுசனை எந்தப் பக்கம்னு எழுதிக்கப் போற?"

சிவப்புச் சாயம்

முதல் ஒத்திகைக்குப் படகில் போகும் இளைஞர்கள் நாலு பேரைத் தூக்குகிறவர்களாகத் தேர்ந்தெடுத்தோம். தேசப்பன் என்பவர் அவர்களுக்குத் தலைவர். அடிபட்டவராக நடிக்க ஒரு வாட்டசாட்டமான வாலிபர் தானாக முன்வந்தார். முதலுதவிப் பயிற்சியாளர் அவர் நெற்றியில் சிவப்புச் சாயம் பூசி ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தார். தெருவே வேடிக்கை பார்த்தது. அடிபட்டவர் சிரிப்பை அடக்க முடியாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

ஊர்வலம் ஏழுமலை வீட்டுச் சந்து முனையைத் தாண்டும்போது உள்ளே கட்டிலிலிருந்து குரல் வந்தது: "டேய் தேசப்பா, அவனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே கீது? அவனை எறக்கி வுட்டுட்டு என்னைத் தூக்குங்கடா, நானும் ரோட்டைப் பாத்து ரொம்ப நாளாச்சு."

வலைக்குள் ஒரு மனிதர்

அடுத்த ஒத்திகையிலிருந்து அவர்தான் எங்கள் நோயாளி. ஆனால் அவர் வீட்டுச் சந்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. தேசப்பன் கொஞ்சமும் யோசிக்காமல், படகிலிருந்து வலையைக் கரைக்குத் தூக்கிவருவதைப் போலவே கழியில் வலையைக் கட்டித் தொங்கவிட்டு ஏழுமலையை அதற்குள் போட்டார். "முதுகெலும்பு போயிடும்!" என்று பயிற்சியாளர் அலறினார். அவர் சொன்னதும் நியாயம்தான். கடைசியில் வலைக்குள் ஒரு பலகையை வைத்தோம். மருத்துவமும் மீன்பிடியும் ஒருவாறு சமாதானமாயின.

ஏழுமலைக்குத் தொழில்பக்தி வந்துவிட்டது. ஒத்திகை நாளில் முகச்சவரம் செய்துகொண்டு, வெளுத்த வேட்டி கட்டிக் காத்திருப்பார். தூக்கியதும் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி முனகுவார். கஸ்தூரிதான் என்னிடம் அலுத்துக்கொண்டார்: "நெசமா அடிபட்டன்னிக்குக் கூட இவ்ளோ கத்தல சார் இந்த ஆளு."

வண்டி வந்த நேரம்

ஒருமுறை ஒத்திகைக்கு ஆம்புலன்ஸுக்கும் ஏற்பாடு செய்தோம். அது எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் அடித்த சைரனுக்கு ஒரு லாரிகூட அசையவில்லை. அசைய இடமிருந்தால்தானே? வாயு கசிந்தால் போய்ச் சேர நாங்கள் குறித்திருந்த இடம் தெற்கே சர்ச் மைதானம். அங்கே ஏழுமலையைக் கிடத்திவிட்டு நிழலுக்கு நிழல் மாற்றிக்கொண்டிருந்தோம். வெயில் தாங்காமல் மீன் ஏற்றுகிற மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் ஏற்றி வீட்டுக்கே அனுப்பினேன்.

ஆம்புலன்ஸ் வந்து சேர்ந்தபோது அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஓட்டுநர் வாசலில் நின்று, "பேஷன்ட் எங்கே?" என்று கேட்டார். ஏழுமலை சோற்றுக் கையை உயர்த்திக் காட்டினார்: "வா நைனா. நீ வர்றதுக்குள்ள செத்தும் ஆச்சு, பொயச்சும் ஆச்சு, நீயும் ரெண்டு வாய் துன்னுட்டுப் போ."

பழக்கம்

என் வழிகாட்டிப் பேராசிரியை குறிப்புகளைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஒத்திகைக்கும் ஆளை மாற்ற வேண்டும், வீட்டை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் குப்பத்தை வேறு எதோடும் ஒப்பிட முடியாது என்றார். "ஒரே ஆளைத் தூக்கக் கத்துக்கறது ஆயத்தம் இல்லை, பழக்கம்" என்றார். அவர் சொன்னது சரி என்று அப்போதும் தெரியும்.

மறுநாள் குப்பத்துக்குப் போய், அடுத்த முறை வேறொருவரைப் படுக்கவைக்கலாமா என்று கஸ்தூரியிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் மீன் கூடையைக் கீழே வைத்தார். தான் கூடையோடு விற்கப் போய்விடும்போது வீட்டில் இவர் தனியாகக் கிடக்கிறார், அது எனக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அந்தக் குப்பத்தை ஒப்பீட்டிலிருந்து நீக்கிவிட்டு ஒத்திகையை ஏழுமலை வாசலிலேயே தொடரச் செய்தது கஸ்தூரி அடுத்துக் கேட்ட கேள்விதான்: "உனக்கு இது ஒத்திகை சார். நெசமா ஊதறன்னிக்கு, நான் வூட்ல இல்லாதப்போ, அந்தப் பசங்க கால் தானா எந்த வாசலுக்கு வரும், சொல்லு?"

காலைக் காற்று

அந்த நாள் வந்தது. காலை நேரம், மேற்கிலிருந்து காற்று. ஐஸ் கம்பெனியில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய் அம்மோனியா கிளம்பியது. சங்கு ஊத வேண்டியவர்தான் முதலில் ஓடினார். ஆகையால் குப்பத்துக்குச் செய்தி சொன்னது மூக்கும் கண்ணும்தான். கஸ்தூரி காசிமேட்டில் இருந்தார். தேசப்பனும் மற்ற மூவரும் முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் கேட்காமல் நேராக ஏழுமலை வாசலுக்குத்தான் ஓடினார்கள். வலை, பலகை, சந்து, சர்ச் மைதானம். அன்று மட்டும் ஏழுமலை முனகவில்லையாம். வலைக்கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டே வந்தாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது கஸ்தூரி அவர் கண்ணில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது, உண்மைதான். அப்போது மைதானத்தின் ஓரத்தில் சுவரில் சாய்ந்து ஒரு பெண் மூச்சு வாங்குவதைப் பார்த்தேன். அடுத்த சந்து ரீட்டா, நிறைமாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தனியாக நடந்தே வந்திருக்கிறார். தேசப்பன் குழு அவர் சந்து முனையைத் தாண்டித்தான் போயிருக்கிறது. பேராசிரியை சொன்னதைக் கேட்டிருந்தால் ரீட்டாவுக்கு ஆள் வந்திருக்குமா? அப்படியானால் ஏழுமலைக்கு வந்திருக்குமா? தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தபடி ரீட்டா கேட்டார்: "அந்த வலைல படுக்கறதுக்கு யார் கிட்ட சார் பேர் குடுக்கணும்?"

ஆபத்து வருகிற அன்று மனிதர்கள் ஓடிப் பழகிய வாசலுக்குத்தான் ஓடுகிறார்கள், மற்ற வாசல்களுக்கு எங்களைப் போன்றவர்கள் பிற்பாடு கேள்வித்தாளோடு போய்ச் சேருகிறோம்.