மிஸ்ஃபாவில் நான் அடைத்த மடை

1996 டிசம்பர். மஸ்கட்டில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றைப் பற்றியது: பழைய கல் தேவாலயம், நடுவே பொதுப் புல்வெளி, வாத்துகள் நீந்தும் குட்டை. கிராமம் என்றால் என்ன என்று எழுதச் சொன்னேன். "ஜூலை லீவில் ஊருக்குப் போனால் கொசு கடிக்கும் இடம்" என்று எழுதினாள் ஒரு மாணவி. தவறென்று சொல்ல முடியவில்லை. பக்கத்திலேயே ஓர் ஊரை உதாரணம் காட்டலாமே என்று தோன்றியது. அதற்கு முதலில் நான் பார்க்க வேண்டுமே!

எங்கள் கட்டடத்தின் கீழே மளிகைக் கடை வைத்திருந்த காயல்பட்டினத்து சாகுல் காக்கா (அவர் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள்), வெள்ளிக்கிழமை தன் பிக்கப் வண்டியில் கூட்டிப்போனார். மஸ்கட்டின் ரூவியிலிருந்து காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். வழியில் நிஸ்வாவில் பரோட்டாவும் தேநீரும். அல் ஹம்ராவைக் கடந்து மலையேறி மிஸ்ஃபா என்ற கிராமத்தை அடைந்தபோது எட்டே முக்கால். போக மட்டும் சுமார் இருநூற்றிருபது கிலோமீட்டர். போக வர பெட்ரோல் ஐந்து ரியால்.

ஊர் பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. கல்லும் மண்ணும் சேர்த்துக் கட்டிய வீடுகள், உச்சியில் பழைய காவல் கோபுரம், சரிவில் படிப்படியாகப் பேரீச்சந்தோப்பு. எல்லாவற்றுக்கும் உயிர், மலை ஊற்றிலிருந்து வரும் ஃபலஜ் என்ற வாய்க்கால்தான். முதலில் குடிக்க எடுக்கும் இடம், அடுத்து குளிக்கும் இடம், கடைசியில் தோட்டங்கள். எத்தனை தலைமுறைக்கு முன் வெட்டியது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. ஒழுங்கு மட்டும் மாறவேயில்லை.

ஓரிடத்தில் வாய்க்காலின் பக்கவாட்டு மடை திறந்து தண்ணீர் கீழே கொட்டியது. துணி சுற்றிய கல் ஒன்று பக்கத்தில் கிடந்தது. நான் தஞ்சாவூர்ப் பக்கம். உடைப்பைக் கண்டால் அடைத்துவிட்டுத்தான் நகர்வோம். அடைத்தேன். நல்ல காரியம் செய்த திருப்தியோடு கோபுரத்தைப் பார்க்கப் போனேன்.

அரை மணி கழித்துத் திரும்பினால், கீழ்த்தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு ஒருவர் தமிழிலேயே கத்திக்கொண்டு ஓடி வந்தார்.

"எந்தப் பய மடைய அடச்சான்?"

"நான்தாங்க. வீணாப் போகுதேன்னு..."

அவர் என் நரைத்த தலையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "ஏன் சார், தண்ணி ஓடுனா கண்ணுக்குப் பொறுக்கலையா?"

சாகுல் காக்கா தலையில் கை வைத்தார். "தஞ்சாவூர்க்காரரு தம்பி, கை சும்மா இருக்காது."

ராமநாதபுரத்து முருகேசன் அவர். அவர் வேலை பார்த்த அந்தக் கீழ்த்தோட்டத்துக்கு எட்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் முறை; நான் அடைத்தது அந்த முறைத் தண்ணீரைத்தான். "புதுசா வச்ச எலுமிச்சங்கன்னு சார். இது புடிச்சாத்தான் லீவு, இல்லேன்னா மாஃபி, கெடையாதுன்னு கஃபீல், அதான் எங்க மொதலாளி, சொல்லிட்டாரு. மூணு வருசமாச்சு ஊருக்குப் போயி."

சற்றுத் தள்ளி, சமதரையில் ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தது. அதன் நிழல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நகரும் வரை ஒருவர் முறை. முருகேசனின் முறை முடியும் கல்லை நிழல் ஏறக்குறையத் தொட்டுவிட்டது. அடுத்த முறைக்காரரான அரபுப் பெரியவர் அங்கேயே குந்தியிருந்தார். சாகுல் காக்கா நடந்ததை அரபியில் சொன்னார். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரித்தார்.

"நிழல் நடந்துச்சு, தண்ணி நடக்கலையேங்குறாரு" என்றார் சாகுல் காக்கா.

பெரியவர் அந்தக் கல்லை எடுத்து, தம் நேரத்துக்குள் ஒரு சாண் தள்ளி வைத்தார். "யல்லா!" முருகேசன் மடையைத் திறக்க ஓடினார். நான் நன்றி சொன்னதைப் பெரியவர் காதில் வாங்கவே இல்லை; நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கே போகிறவர்களுக்கு: குளிர்காலத்தில் போங்கள், வழுக்காத செருப்பு போடுங்கள், வெள்ளியென்றால் ஜும்ஆ தொழுகைக்கு முன் சுற்றி முடியுங்கள். வாய்க்காலோரம் கிடக்கும் எந்தக் கல்லையும் தொடாதீர்கள். அது கிடக்கும் இடத்தில் கிடப்பதற்கு ஒருவருக்குக் காரணம் இருக்கும்.

மார்ச்சில் ஒரு மாலை, அரிசி வாங்கப் போனபோது சாகுல் காக்கா சொன்னார்: "முருகேசன் ஏர்போர்ட் போற வழியில வந்தான் சார். ரெண்டு டின் பால்பவுடர் வாங்கினான். கன்னு அத்தனையும் துளிர்த்திருச்சாம், தஞ்சாவூர் சார்ட்ட சொல்லச் சொன்னான்."

மறுநாள் வகுப்பில் கரும்பலகையில் ஒரு கம்பியும் அதன் நிழலில் இரண்டு கற்களும் வரைந்து, கிராமம் என்றால் என்ன என்று மறுபடி தொடங்கினேன்.